ஆற்றங்கரையில் தொடங்கி மலையடிவாரம் வரை: தாமிரபரணிப் பக்கம் ஓடப் பழகுகிறவர்களுக்கு

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று தாமிரபரணியை ஒட்டிய எந்த ஊரில் இருந்தாலும் சரி, வாசலை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு கால்வாய்க் கரை வந்துவிடும். ஒரு பக்கம் நெல் வயல், இன்னொரு பக்கம் வாழை, மேற்கே பொதிகை. ஓடப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் புதிதாக ஓட வருகிறவர்கள் பெரும்பாலும் போய் நிற்பது பஸ் ரோட்டில்தான். லாரிப் புகையும் ஹார்ன் சத்தமும் தார் ரோட்டின் உடைந்த விளிம்புமாக இரண்டு வாரம் ஓடிவிட்டு, முட்டு வலிக்கிறது என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் இந்தப் பக்கம் பதினோரு வருடமாக ஓடுகிறேன். இங்கே வழி தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ரோட்டை அல்ல, தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத்தான். அது பிடிபட்டுவிட்டால் எந்த வழி லேசானது, எந்த மாதத்தில் எந்த வழி ஆகாது, எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் சரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, கிழக்கே போய்ப் புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது. மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன தூரத்துக்குள் எட்டு அணைக்கட்டுகள்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியாகச் சொன்னது மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது.

ஓடுகிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், கால்வாயை வெட்டியவர்கள் தண்ணீர் கரையை அரிக்காமலும் நடுவில் தேங்காமலும் மெல்லப் போகிற மாதிரியான சரிவில் வெட்டியிருக்கிறார்கள். அதனால் கரை ஏறக்குறைய சமதளம். மேடு வந்தால் கால்வாய் வளைந்து போகும், நாமும் வளைந்து போவோம். திடீர் ஏற்றம் கிடையாது. மூச்சு இன்னும் பழகாத ஒருவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கீழே மண். ஒரு பக்கம் தண்ணீர் ஓடுவதால் காலையில் குளுமையும் இருக்கும்.

கல்லிடைக்குறிச்சியில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது கன்னடியன் கால்வாய். வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று கிழக்கே நீளமாகப் போகிற கால்வாய். எல்லா இடத்திலும் கரை ஒரே மாதிரி இருக்காது. சில இடங்களில் டிராக்டர் போகிற அகலம், சில இடங்களில் ஒற்றையடிப் பாதை, சில இடங்களில் கரையே தோப்புக்குள் காணாமல் போய்விடும். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து பார்த்தால் வயலுக்கு நடுவே அடர்ந்த பச்சைக் கோடாக மரங்கள் வளைந்து போவது தெரியும். அதுதான் கால்வாய். வரைபடத்தில் ரோடு என்று காட்டாத கரைகளும் படத்தில் தெரிந்துவிடும்.

படத்தைப் பார்த்துவிட்டு நேரே ஓடப் போகாதீர்கள். முதல் நாள் நடந்து போங்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன். ஒரு தடவையாவது பகல் வெளிச்சத்தில் நடந்து பார்க்காத கரையில் நான் ஓடுவதில்லை. காரணம், மடை. கரையின் குறுக்கே வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாய் அது. பழைய மடைகளில் மேலே இரண்டு கல் பலகை போட்டிருப்பார்கள், நடுவில் ஒரு சாண் இடைவெளி. பலகையின் ஓரத்தில் பாசி. அந்த இடைவெளியில் புல் வளர்ந்து மூடிவிட்டால் ஓடுகிற கண்ணுக்குத் தரை மாதிரியே இருக்கும். நடந்து போகும்போது ஒவ்வொரு மடைக்கும் பக்கத்தில் என்ன மரம் நிற்கிறது என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பனைக்கு அடுத்தது, இரட்டைத் தென்னைக்கு முன்னால் என்று. நாலு நாளில் கால் தானாகவே அங்கே வேகத்தைக் குறைத்துவிடும்.

முதல் ஆறு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள் போதும். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். ஓய்வு நாளில்தான் தசையும் நரம்பும் கெட்டிப்படும்.

முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் வேகமாக நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டுத் தடவை. மூன்று, நாலாம் வாரம் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. ஐந்து, ஆறாம் வாரம் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று நாலு தடவை. ஏழாம் வாரம் நிற்காமல் இருபது நிமிடம் ஓடிப் பாருங்கள். முடியவில்லையா, பரவாயில்லை, ஐந்தாம் வாரத்துக்குத் திரும்பிப் போங்கள்.

வேகம் எவ்வளவு என்று கேட்பீர்கள். பக்கத்தில் வருகிறவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். தனியாக ஓடினால் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லி, "தண்ணி வந்துட்டா அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி திக்காமல் வந்தால் வேகம் சரி. அதற்கு அவர் சொல்லுகிற பதில் உங்களுக்கு வேறு வகையிலும் உதவும். அதை அடுத்துச் சொல்கிறேன்.

எந்த மாதம் எந்த வழி

வயல்காட்டில் ஓடுகிறவருக்குப் பஞ்சாங்கம் என்பது கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகங்களும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கார் சாகுபடி. அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் தொடக்கத்தில் கால்வாய் திறப்பார்கள். அக்டோபர், நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் வரை பிசானம். வடகிழக்குப் பருவமழையை நம்பிய பெரிய பயிர் அதுதான்.

கால்வாய் திறந்த நாளன்று கரையில் இருக்க முடிந்தால் இருங்கள். ஒரு ஜூன் மாதக் காலையில் எனக்கு அது வாய்த்தது. வெடித்துக் கிடந்த கால்வாய்த் தரையில் முதல் தண்ணீர் காவி நிறத்தில், ஓரத்தில் நுரையோடு, காய்ந்த சருகையும் பனங்கொட்டையையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, நிரம்பி, பிறகு அடுத்ததற்குப் போகும். நடக்கிற வேகம்கூட இல்லை. நான் அதோடு சேர்ந்து அரை கிலோமீட்டர் நடந்தே போனேன். அன்றைக்கு ஓடவே இல்லை. சரிவு என்பது எவ்வளவு சன்னமானது என்று அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் புரிந்தது.

ஓட்டத்துக்கு வருவோம். ஜூன், ஜூலையில் கரை உறுதியாக இருக்கும், காற்றும் குளிர்ச்சி. இந்த இரண்டு மாதமும் தொடங்குவதற்கு அருமையான காலம். நடவு நேரத்தில் வரப்பு எல்லாம் புதிதாக வெட்டிச் சேறு பூசியிருக்கும். வரப்பில் ஓடவே வேண்டாம். நீங்கள் மிதித்த இடத்தில் வரப்பு உடைந்தால் ஒருவருடைய ஒரு நாள் வேலை போச்சு.

அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் வரை மழைக்காலம். களிமண் கரையில் பத்தடி ஓடுவதற்குள் ஷூவின் அடியில் ஒரு கிலோ மண் ஏறிவிடும். அதைவிட முக்கியமாக, கரை உள்ளே ஊறி வெளியே நல்லாத் தெரியும், கால் வைத்தால் சரியும். இந்த மாதங்களில் கிராமத்துத் தார் ரோடுகளுக்கு மாறிக்கொள்ளுங்கள். தாம்போதியில், அதாவது வெள்ளம் மேலேயே ஓடிப் போகும்படி தாழ்வாகப் போட்ட ரோட்டில், தண்ணீர் ஓடினால் கணுக்கால் அளவே இருந்தாலும் இறங்காதீர்கள். சமவெளியில் வெயில் அடிக்கும், மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். மலை முகட்டில் மேகம் இறங்கி உட்கார்ந்துவிட்டால் ஆற்றங்கரை வழி அன்றைக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் இந்த ஆறு எப்படி வந்தது என்று நெல்லை, தூத்துக்குடிக்காரர்கள் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி, மார்ச் அறுவடை. அறுவடை இயந்திரமும் நெல் லாரியும் சின்ன ரோடுகளில் வரும். ரோட்டில் நெல் காயும், வைக்கோல் விரித்திருக்கும். முதல் வருடம் நான் அந்த வைக்கோல் மேலே மெத்தை மாதிரி இருக்கிறதே என்று ஓடினேன். கீழே, காற்றில் பறக்காமல் இருக்க வைத்திருந்த கல் ஒன்று இருந்தது. கணுக்கால் பிசகி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் ஓடி வந்து, "வைக்கலுக்கு அடியில என்ன கெடக்குன்னு தெரியாம ஏன் தம்பி மிதிக்கிய?" என்று சொல்லிக்கொண்டே குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். ஆறு வாரம் ஓடவில்லை. காயும் நெல்லையோ வைக்கோலையோ பார்த்தால் ரோட்டை விட்டு இறங்கி, சுற்றி நடந்து போங்கள். அது பத்து வினாடி வேலை.

ஏப்ரல், மே கால்வாய் வற்றி, கரை காய்ந்து கெட்டியாக இருக்கும். ஓட அருமையான தரை. ஆனால் வெயில். ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறரைக்குள் வீடு திரும்பிவிடுங்கள். பதநீர் கிடைக்கிற காலமும் இதுதான்.

காலில் என்ன, கையில் என்ன

விலை உயர்ந்த ஷூ வேண்டியதில்லை. அடியில் பல் இருக்கிற, விரலுக்கு முன்னால் கட்டை விரல் அகலம் இடம் விட்ட ஷூ போதும். உடை மரத்து முள் இங்கே பெரிய தொந்தரவு. மெல்லிய அடிப்பாகமாக இருந்தால் நேரே உள்ளே ஏறிவிடும். ஓடி முடித்ததும் ஷூவைத் திருப்பி அடியைத் தடவிப் பார்க்கிற பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாதி ஏறிய முள்தான் நாளைக்கு முழுதாக ஏறும்.

இருட்டில் கிளம்பினால் தலையில் மாட்டுகிற டார்ச். தொப்பி. போன், அதன் உறைக்குள் ஒரு ஐம்பது ரூபாய். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுவதாக இருந்தால் அரை லிட்டர் தண்ணீர். கோடையில் அதில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சையும். கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாட்டு வாழைப்பழம் போதும். திரும்பி வந்ததும் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு நீராகாரம். எனக்கு இதைவிட ஒத்துப்போகிற ஒன்றை இன்னும் நான் குடித்ததில்லை.

தலை சுற்றல், வியர்வை நின்றுபோய்த் தோல் கொதிப்பது, பேச்சு குழறுவது: இதில் எது வந்தாலும் அன்றைய ஓட்டம் முடிந்தது. நிழலில் உட்கார்ந்து தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். பேச்சு குழறினால் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நாயும் பாம்பும்

புதியவர்கள் நிறையப் பேர் பயப்படுவது நாய்க்குத்தான். நாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். ஓடுகிறதைத் துரத்துவது அதன் இயல்பு. கண்ணை நேராகப் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், பக்கவாட்டில் விலகிப் போங்கள். கிட்டே வந்தால் குனிந்து கல் எடுப்பது போலக் காட்டினால் பெரும்பாலும் பின்வாங்கிவிடும். தோப்புக் காவல் நாய்கள் தங்கள் எல்லையை விட்டு வெளியே அதிகம் வருவதில்லை. அந்த எல்லை எது என்று முதல் நாள் நடையிலேயே தெரிந்துவிடும்.

கடித்துவிட்டால் சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். தோலில் போடுகிற தடுப்பூசி முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள் என்று நாலு தடவை. காயம் ஆழமாக இருந்தால் கூடுதல் மருந்தும் உண்டு. இடையில் ஒன்றையும் தவற விடாதீர்கள்.

பாம்பு பற்றி ஒரு எளிய விதி: கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. கண்ணாடி விரியன் வைக்கோலிலும் காய்ந்த புல்லிலும் அசையாமல் கிடக்கும். இருட்டில் கரையின் நடுவில் ஓடுங்கள், புல்லோரம் வேண்டாம். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யக் கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து, யாரையாவது கூப்பிட்டு வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நடந்தோ ஓடியோ போகக் கூடாது.

அது அவர்களுடைய இடம்

இதை யாரும் புதியவர்களுக்குச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். நாம் ஓடுகிற கரை, களம், படித்துறை எல்லாமே யாரோ ஒருவருடைய வேலைக்கும் குளிப்புக்கும் உரிய இடம். காலை ஐந்தரை மணிக்குப் படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் படித்துறை வழியாகப் பாதை போட்டுக்கொள்ளாதீர்கள். வேறு வழி இல்லையென்றால் தூரத்திலேயே நடைக்கு மாறி, மறுபக்கம் பார்த்துக்கொண்டு கடந்துவிடுங்கள். போனைக் கையில் எடுக்கவே கூடாது. ஆற்றை அப்புறம் எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாம்.

கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் அப்பளம் காயும். பத்தமடைப் பக்கம் கோரைப்புல். காருகுறிச்சியில் மண்பானை. எதையும் தாண்டிக் குதித்து ஓட வேண்டாம். தோப்புக்குள் பாதை போனால் முதல் தடவை கேட்டுவிட்டுப் போங்கள். இந்தப் பதினோரு வருடத்தில் கேட்ட எனக்கு ஒருவர்கூட இல்லை என்று சொன்னதில்லை. ஒருவர், "மோட்டார் ரூம் பக்கமா வாங்க தம்பி, அங்க செருப்பு கழுவ தண்ணி இருக்கு" என்றார்.

பெண்கள் ஓட வந்தால் ஆரம்பத்தில் இரண்டு பேராக வாருங்கள். வயலில் நடவுக்கும் களை எடுப்புக்கும் பெண்கள் வந்து இறங்குகிற நேரத்தில் ஓடுவது நல்லது. அப்போது கரை முழுக்க ஆள் இருக்கும். ஒரு வாரத்தில் அவர்களே உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் வரவில்லையென்றால் ஏன் என்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய பாதுகாப்பை எந்தச் செயலியும் தராது.

மேற்கே, மலையை நோக்கி

நிற்காமல் நாற்பது நிமிடம் ஓட வருகிறதா? சரி, மலைப் பக்கம் திரும்பலாம்.

இங்கே ஒரு விதி இருக்கிறது. போகும்போது மேற்கே போங்கள், திரும்பும்போது கிழக்கே வாருங்கள். மேற்கே என்றால் லேசான ஏற்றம். கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குத் தெரியும். உடம்பு புதிதாக இருக்கும்போது ஏற்றத்தை முடித்துவிட்டால் களைத்துத் திரும்பும்போது சரிவு நம்மை இறக்கிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் இதற்குத் துணை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்தப் பக்கம் வெறும் பேச்சில்லை. கணவாய் வழியாக மேற்கில் இருந்து வருகிற காற்று முகத்தில் அடிக்கும், நெஞ்சைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துத்தான் ஓட வேண்டியிருக்கும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். மாற்றி ஓடினால் களைத்த நேரத்தில் ஏற்றமும் எதிர்க்காற்றும் சேர்ந்து வரும், கடைசி இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் வருவீர்கள். திரும்பும்போது சூரியன் கண்ணில் அடிக்கும், அதற்குத்தான் தொப்பி.

நான் பரிந்துரைக்கிற முதல் மலையடிவார வழி, கல்லிடைக்குறிச்சியில் இருந்து மணிமுத்தாறு அணைப் பக்கம் போகிற ரோடு. முழுதாகப் போய்த் திரும்பினால் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அதனால் முதல் மாதம் இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்புங்கள். அடுத்த மாதம் ஜமீன் சிங்கம்பட்டி வரை, நாலைந்து கிலோமீட்டர். அணை வரை போவது மூன்றாம், நாலாம் மாதத்து வேலை. வாரா வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதீர்கள்.

வயல் முடிந்து மண் சிவக்கத் தொடங்குகிற இடத்தைக் கவனியுங்கள். வண்டல் போய்ச் சரளை வரும், வாழை போய்ப் பனையும் உடையும் வரும். தரை கெட்டிப்படும், காலடிச் சத்தமே மாறும். அங்கே இருந்து அடியைச் சின்னதாக்கி, ஒரு நிமிடத்துக்கு வைக்கிற அடியைக் கூட்டுங்கள். ஏற்றத்தில் அகல அடி வைத்தால் பின்தொடையும் குதிகால் நரம்பும் இழுத்துக்கொள்ளும். இறக்கத்தில் அகல அடி வைத்தால் முட்டு வாங்கும். உடம்பைப் பின்னால் சாய்த்துப் பிரேக் போடாமல், சின்னச் சின்ன அடியாக இறங்கிப் பழகுங்கள். மலை அடிவாரத்துக்குப் போன முதல் வாரம் முன்தொடை வலித்தால் அது ஏற்றத்தால் வந்ததில்லை, இறக்கத்தால் வந்தது.

ஜனவரியில் சூரியன் எழ ஆறரையைத் தாண்டிவிடும். ஆனால் மேற்கே பார்த்து ஓடுகிறவருக்கு விடியல் முன்னால்தான் நடக்கும். முதலில் முகடு மட்டும் செம்பு நிறத்தில் துலங்கும். கீழே காடு இன்னும் கறுப்பாக இருக்கும். அந்தச் செம்பு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, அடிவாரத்துப் பனை உச்சியைத் தொடுகிறபோது நம் முதுகும் சூடாகத் தொடங்கும்.

மணிமுத்தாறு அணை 1958இல் கட்டி முடிக்கப்பட்டது, உயரம் 118 அடி. அணைக்கு இந்தப் பக்கமே திரும்பிவிடுங்கள். அதற்கு மேலே வனத்துறைச் சோதனைச் சாவடி, அதற்கு அப்பால் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். மாஞ்சோலை ரோடு படத்தில் ஆசை காட்டும். அது ஓடுகிற இடம் இல்லை. பாபநாசம் வழியும் அப்படியே, சாவடியோடு நமக்கு எல்லை. விக்கிரமசிங்கபுரம் வழியாகப் பாபநாசம் போகிற ரோட்டில் பஸ் அதிகம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

இன்னொன்று, மலையடிவாரத்தில் சூரியன் எழுவதற்கு முன்னும் விழுந்த பின்னும் ஓடாதீர்கள். சமவெளியில் இருட்டோடு கிளம்பலாம், இங்கே கூடாது. கரடியும் காட்டுப்பன்றியும் தோட்டங்களுக்கு இறங்கி வருவது வழக்கம். 2022 நவம்பரில் கடையம் பக்கம் கரடி தாக்கி மூன்று பேர் படுகாயம் அடைந்தார்கள். 2024 மே மாதம் பாபநாசத்தை ஒட்டிய வேம்பையாபுரத்தில் கூண்டு வைத்துச் சிறுத்தையைப் பிடித்தார்கள். அவை வாழ்கிற இடத்தின் வாசல் இது. காதில் இசை மாட்டிக்கொண்டு ஓட வேண்டாம். கடைசி ஊர் டீக்கடையில் நின்று, "இன்னைக்கு ஏதும் நடமாட்டம் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போங்கள். இருக்கிறது என்றால் அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

ரயிலில் போய் ஓடித் திரும்புவது

நெல்லை–தென்காசி ரயில் பாதை அம்பாசமுத்திரம் வரை ஆற்றை ஒட்டியே போகிறது. சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று நிலையங்கள் கைக்கெட்டுகிற தூரத்தில். காலை வண்டியில் மேற்கே போய் இறங்கி, சரிவோடு கிழக்கே ஓடி வருவது புதியவர்களுக்கு உற்சாகமான ஞாயிற்றுக்கிழமை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி வீரவநல்லூர் வரை ஓடினால் ஏழு கிலோமீட்டர் அளவில் வரும். காற்றடிக்கிற மாதம் என்றால் எளிதாக இருக்கும்.

பத்துக் கிலோமீட்டர் பழகியவர்கள் வீரவநல்லூரில் இருந்து திருப்புடைமருதூர் போய்த் திரும்புங்கள். கடனா நதி தாமிரபரணியில் வந்து சேருகிற ஊர். 2005இல் அது பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மருத மரங்களிலும் இலுப்பையிலும் நாரைகள் கூடு கட்டியிருக்கும். குஞ்சு பொரிக்கிற காலத்தில் ஊருக்குள் ஓடாமல் நடந்து போங்கள், சத்தம் வேண்டாம். ஊர்க்காரர்களே அந்தப் பறவைகளுக்காகப் பட்டாசைத் தவிர்க்கிறவர்கள்.

ஆற்றில் கால் நனைக்க ஆசை வரும். படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்து கணுக்கால் அளவுக்கு நனையுங்கள், தசைக்கு நல்லது. நடுவில் இறங்க வேண்டாம். மேலே அணையில் திறக்கிற தண்ணீர் முன்னறிவிப்பில்லாமல் கூடும்.

கடைசியாக, ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் தூரத்தையும் வேகத்தையும் எழுதிவிடும், கரை எப்படி இருந்தது என்பதை எழுதாது. என் நோட்டில் போன பிப்ரவரியில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "கன்னடியன் கரை. 6 கிலோமீட்டர். இரட்டைத் தென்னை மடையில் ஒரு கல் பெயர்ந்திருக்கிறது, இடது பக்கம் தாண்டவும். மூன்றாம் வயலில் அறுப்பு முடிந்தது, ரோட்டில் நாளை நெல் போடுவார்கள். வெள்ளை நாய்க்கு நாலு குட்டி. ஒரு மாதம் அந்தப் பக்கம் வேண்டாம்."